ஐம்பத்தோரு மணி நேரம் தங்கிய பயணிகள்

அந்த ஏரிக்கரை ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் ஆராய்ச்சிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரிவு என்றால் ஒரு அறை. அறை என்றால் பாதி அறை. மீதிப் பாதியில் போன வருஷத்து விளம்பரத் தாள்களைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். இருந்த பாதியையும் ஓர் இரும்பு பீரோ நடுவில் நின்று இரண்டாகப் பிரித்தது. பீரோவுக்கு இந்தப் பக்கம் ஒரு சகலை, அந்தப் பக்கம் இன்னொரு சகலை.

அக்காவைக் கட்டியவர் அங்கே பன்னிரண்டு வருஷமாக வேலை பார்த்தார். தங்கையைக் கட்டியவர் பரீட்சை எழுதி, தேர்வாகி, முதல் நாள் டிபன் பாக்ஸோடு வந்து நின்றபோதுதான் பெரியவருக்கு விஷயமே தெரிந்தது. வீட்டிலும் மேல்மாடி கீழ்மாடி. ஆக, ஒருவர் தும்மினால் இன்னொருவருக்குக் கேட்காத நேரம் என்று நாளில் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.

பெரிய சகலைக்கு அலுவலகத்தில் 'கோட்பாட்டார்' என்று பெயர். பயணி என்பவன் யார், அவன் ஏன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான், கிளம்பியவன் எதைத் தேடுகிறான் என்று அவர் தடித்தடியாகப் புத்தகம் படித்து, இருநூறு பக்கத்துக்குக் குறையாமல் அறிக்கை எழுதுவார். அதில் ஒன்று காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க நன்றாகவே உதவியது. சின்னவருக்கு 'புள்ளியார்' என்று பெயர். எண்ண முடிந்தது மட்டுமே உண்மை என்பது அவர் கட்சி. மேசையில் இரண்டு திரை, திரை முழுக்கப் புள்ளிகள். மாடிப்படி ஏறும்போதும் படியை எண்ணிக்கொண்டேதான் ஏறுவார். நடுவில் யாராவது கூப்பிட்டால் இறங்கிப் போய் முதலிலிருந்து ஏறுவார்.

பீரோவுக்கு மேலே இரண்டு பேருக்கும் தினமும் வாய்ச்சண்டை நடக்கும். மரியாதைக்குக் குறைவே இருக்காது.

"ஆறு மாசம் ராப்பகலா கணக்குப் போட்டு, மழை பெய்யிற அன்னிக்குக் குடை நிறைய விக்குதுன்னு கண்டுபிடிச்சீங்களே சகலை, அதைப் படிச்சு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு" என்பார் பெரியவர்.

"நீங்க குடையோட தத்துவத்தை இருநூத்திப்பத்து பக்கம் எழுதுனீங்க சகலை. எழுதிட்டு நனைஞ்சுகிட்டேதானே வீட்டுக்குப் போனீங்க" என்பார் சின்னவர்.

"காரணம் தெரியாம எண்ணுறது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறது."

"எண்ணாம காரணம் சொல்றது ஏட்டுச் சுரைக்காய்."

இப்படியே மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

அந்த வருஷம் அலுவலகத்துக்குப் புதுவிதமான தகவல் கிடைத்தது. வெளியூரிலிருந்து வரும் போன்கள் ஊருக்குள் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தன என்று, பேரும் நம்பரும் இல்லாமல், வெறும் புள்ளிகளாகக் கொடுத்திருந்தார்கள். நாலு மாதத்துப் புள்ளிகள். புள்ளியார் அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து ஒரு வரைபடம் போட்டார். ஆள் அதிக நேரம் தங்கும் இடம் சிவப்பு, தங்காத இடம் நீலம்.

ஏரி சிவப்பாக வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது வெளிர் மஞ்சளாக வந்தது. மணிக்கூண்டு பச்சை. பூங்கா நீலம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்றாவது குறுக்குத் தெருவில் மட்டும், பழுத்த மிளகாய் மாதிரி ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. அங்கே போனவர்கள் சராசரியாக ஐம்பத்தோரு மணி நேரம் தங்கியிருந்தார்கள்.

புள்ளியார் மறுபடி கணக்குப் போட்டார். அதே ஐம்பத்தொன்று. பீரோவைச் சுற்றி நடந்து போய்ப் பெரியவரிடம் காட்டினார். இது நடந்ததே அபூர்வம். பீரோவைத் தாண்டுவது தோல்விக்கு அடையாளம் என்று இரண்டு பேருமே நினைத்திருந்தார்கள்.

"சகலை, இந்த இடத்துல அப்படி என்ன இருக்கு?"

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "எவ்வளவு நேரம் தங்குறாங்க?"

"ஐம்பத்தோரு மணி நேரம். அதுலயும் ஒரு விசேஷம். வந்தவங்க அசையவே இல்லை. ஒரு முழம்கூட இப்படி அப்படி நகரலை. பக்கத்துப் பக்கத்துல, நெருக்கியடிச்சு, முப்பது நாப்பது பேர்."

பெரியவர் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. பிறகு மெல்ல மெல்லச் சிவந்தது. பிறகு எழுந்து நின்றார்.

"பதினொரு வருஷமா இதைத்தான் நான் எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஓடி ஓடிப் பார்க்கிற பயணி ஒருத்தன். ஓட்டத்தை விட்டுட்டு ஒரே இடத்துல கரைஞ்சு போற பயணி இன்னொருத்தன். இந்த ரெண்டாவது ஆள் இருக்கான்னு சொன்னா யாரும் நம்பலை. கடைசியா வந்துட்டான் சகலை. முப்பது நாப்பது பேரா வந்துட்டான்."

புள்ளியார் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். தன் புள்ளிகளைப் பார்த்து ஒருத்தர் கண்கலங்குவது அவர் வாழ்க்கையில் முதல் தடவை.

இந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்ற உடனேயே அலுவலகத்தில் யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். யாரும் படவில்லை. மூன்றாவது குறுக்குத் தெரு அலுவலகத்திலிருந்து நடந்தால் ஒன்பது நிமிஷம். ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. "நாலாயிரம் புள்ளி இருக்கும்போது நான் ஒரு ஆள் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகுது" என்றார் புள்ளியார். "நேர்ல பார்த்தா பார்வை கெட்டுடும்" என்றார் கோட்பாட்டார்.

இயக்குநர் அம்மா காரியவாதி. தலைமை அலுவலகத்திலிருந்து 'புதிதாக என்ன செய்தீர்கள்' என்று மாதாமாதம் கடிதம் வந்து அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. இரண்டு சகலைகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட அறிக்கையைப் பார்த்ததும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து போட்டதா?"

"ஆமா மேடம்."

"ஒருத்தரை ஒருத்தர் திட்டி அடிக்குறிப்பு எதுவும் இல்லையே?"

"இல்லை மேடம்."

அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் பயணிகள் உட்கார ஒரு நீளமான பெஞ்சு, மேலே ஒரு நிழற்கூரை, பக்கத்தில் ஒரு பெரிய பலகை. பலகையில் தங்க நிற எழுத்து: 'நம் ஊரின் இதயம். இங்கே பயணிகள் சராசரியாக ஐம்பத்தோரு மணி நேரம் தங்குகிறார்கள்.' வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேயர் வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு.

திறப்பு விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது மாமியார் வந்து சேர்ந்தார்.

இரண்டு சகலைகளுக்கும் பொதுவாக இருந்த பயம் அந்த ஒன்றுதான். மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் கேள்வி கேட்பார். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அந்தப் பதிலிலிருந்து இன்னொரு கேள்வி முளைக்கும். அதனால் மாப்பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் வாயைத் திறந்தாலே "இருங்க அத்தை, ஆபீஸ்ல இருந்து போன்" என்று எழுந்துவிடுவார்கள். அவர் இந்த ஊருக்கு வருவது அதுவே முதல் தடவை. அதாவது, சுற்றுலாவை ஆராய்ச்சி செய்யும் இரண்டு பேரின் வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுலாப் பயணி வந்து ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மகள்கள் இரண்டு பேரும் அவரை ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். படகுத்துறையின் ஓரத்தில், தரையில் மஞ்சள் பெயிண்டில் இரண்டு பாதங்கள் வரைந்து, 'இங்கே நின்று படம் எடுங்கள்' என்று சுற்றுலா அலுவலகம் எழுதியிருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிறவர் என்பதால் மாமியார் சரியாக அந்தப் பாதங்களில் கால் வைத்து நின்றார். போனை உயர்த்தினார். எதிரே நின்ற மலையின் உச்சி படத்துக்குள் வரவில்லை. கொஞ்சம் சாய்ந்தார். இன்னும் வரவில்லை. கையைத் தூக்கி, எட்டி, இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். மலை வந்துவிட்டது, போன் போய்விட்டது.

படகுக்காரர் வலை போட்டு எடுத்துக் கொடுத்தார். கையிலேயே ஒரு வலை வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு, "மூணாவது குறுக்குத் தெருவுல கொடுங்க, சரியாயிடும்" என்றும் சொன்னார். மகள்கள் போகும் வழியிலேயே இறங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அன்று இரவு சாப்பிடும்போது மாமியார் ஆரம்பித்தார். "பெரிய மாப்பிள்ளை, என் போன் இருக்கே, அது இன்னிக்கு..."

"ஆபீஸ்ல இருந்து கூப்பிடுறாங்க அத்தை" என்று பெரியவர் எழுந்தார்.

மறுநாள் காலையில் சின்னவரைப் பிடித்தார். "சின்ன மாப்பிள்ளை, உங்க ஆபீஸ்காரங்க தரையில பாதம் வரைஞ்சு வெச்சிருக்காங்களே, அது யாரு..."

சின்னவருக்கும் அழைப்பு வந்துவிட்டது. அவர் போன் அப்போது சார்ஜில் பக்கத்து அறையில் இருந்தது.

புதன்கிழமை அக்கா தன் வீட்டுக்காரரிடம், "வர்ற வழியில அம்மா போனை வாங்கிட்டு வாங்க" என்றாள். அவர், "அதைச் சகலை பார்த்துப்பார்" என்றார். தங்கையும் தன் வீட்டுக்காரரிடம் அதையே சொன்னாள். அவர், "பெரியவர் இருக்கும்போது நான் எப்படி முந்திக்கிறது" என்றார். எந்தக் கடை என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவேளை கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

வியாழக்கிழமை சாயந்திரம் ஏழு மணி. மறுநாள் விழாவில் பேச வேண்டியதைப் பெரியவர் கூடத்தில் நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தார். புள்ளியார் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சில் எத்தனை வார்த்தை என்று எண்ணிக்கொண்டிருந்தார். தங்கை உள்ளேயிருந்து வந்து, "அம்மாவைக் காணோமே, வெளியில போனாங்களா?" என்று கேட்டாள்.

கூட்டத்தில் தொலைந்துபோனால் கண்டுபிடிக்க, அம்மாவின் போன் எங்கே இருக்கிறது என்று காட்டும் வசதியை மகள்கள் முன்பே தங்கள் போனில் வைத்திருந்தார்கள். அவள் பழக்கதோஷத்தில் அதைத் திறந்தாள். புள்ளியார் எட்டிப் பார்த்தார். புள்ளி மூன்றாவது குறுக்குத் தெருவில் இருந்தது.

போன்தான் கடையில் இருக்கிறதே என்று அவள் வாயெடுப்பதற்குள் புள்ளியார் துள்ளி எழுந்தார்; போனைச் சகலை எப்போதோ வாங்கி வந்து கொடுத்திருப்பார் என்பது அவர் நினைப்பு. "சகலை, இங்க பாருங்க. அத்தையும் அங்கதான் போயிருக்காங்க. யாரும் சொல்லலை, யாரும் கூப்பிடலை. தானா போயிருக்காங்க."

பெரியவர் நெஞ்சில் கை வைத்தார். "எவ்வளவு நேரமா?"

"செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாலு மணியில இருந்து. அப்படின்னா..." புள்ளியார் விரல் விட்டு எண்ணினார். "ஐம்பத்தோரு மணி நேரம். அப்படியே சராசரி. கொஞ்சம்கூடக் கூடக்குறைய இல்லை."

"உங்க அம்மா சாதாரண ஆள் இல்லை" என்றார் பெரியவர், மச்சினியிடம்.

அப்போது குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மாமியார் வெளியே வந்தார்.

புள்ளியார் போனைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். புள்ளி அசையாமல் மூன்றாவது குறுக்குத் தெருவில் இருந்தது. மாமியார் அசைந்து போய் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்.

"அத்தை" என்றார் புள்ளியார் மெதுவாக, "நீங்க இங்க இருக்கீங்க."

"ஆமா. உங்களுக்கு ஏதாவது கஷ்டமா மாப்பிள்ளை?"

"இல்லை அத்தை. ஆனா உங்க போன்..."

"அதைத்தான் நாலு நாளா சொல்ல வர்றேன். ரெண்டு பேரும் எழுந்து எழுந்து ஓடுறீங்க. ஏரியில விழுந்துடுச்சு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால ரிப்பேர்க் கடையில கிடக்கு."

பெரியவர் கையிலிருந்த பேச்சுத் தாள் கீழே விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. இரண்டு சகலைகளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போகிற அவசரத்தில் ஆளுக்கொரு கால் மாற்றி மாட்டியிருந்தார்கள்; தெருமுனை வரைக்கும் அது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது குறுக்குத் தெருவில் மொத்தம் நாலு கட்டடம். ஒரு பழைய டயர் கிடங்கு, பூட்டிய இரண்டு வீடு, ஒரு சின்ன ரிப்பேர்க் கடை. கடை வாசலை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு புது பெஞ்சு மினுமினுத்தது. துணி போர்த்திய பலகை மீதியை மறைத்தது. பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்துதான் உள்ளே போக முடிந்தது.

கடைக்காரம்மா நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். நிமிராமலே, "பெஞ்சு போட்டவங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அதாவது, போடச் சொன்னவங்க" என்றார் பெரியவர்.

இப்போது நிமிர்ந்தார். பூதக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண் மட்டும் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரிந்தது. "உங்களைத்தான் ஒரு வாரமா தேடுறேன். ஏன்யா என் வாசல்ல பெஞ்சு போடுறீங்கன்னு வேலையாளுங்களைக் கேட்டா, மேலிடத்து உத்தரவுங்கறாங்க. அந்த மேலிடம் நீங்கதானா?"

புள்ளியார் அந்தக் கண்ணைப் பார்க்காமல் கேட்டார். "அம்மா, உங்ககிட்ட இப்போ எத்தனை வெளியூர் போன் இருக்கு?"

அவர் மேசையின் நீளமான இழுப்பறையை இழுத்தார். உள்ளே, பழைய துண்டின் மேல், முப்பத்தெட்டு போன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாம் உயிரோடு, சின்னச் சின்ன வெளிச்சத்தோடு. ஒன்று மெதுவாக அதிர்ந்துவிட்டு அடங்கியது.

"தண்ணியில விழுந்த போனைக் காயவெச்சு, சரி பண்ணி, உடனே கொடுக்க மாட்டேன்" என்றார் கடைக்காரம்மா. "ரெண்டு நாள் போட்டு ஓட விட்டுப் பார்ப்பேன். நடுவுல செத்துப்போகாம இருந்தாதான் கொடுப்பேன். அப்புறம் அவங்க வந்து வாங்க ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்."

"நாப்பத்தெட்டும் மூணும் ஐம்பத்தொண்ணு" என்றார் புள்ளியார். சொல்லிவிட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பெரியவர் இழுப்பறையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். பதினொரு வருஷமாக அவர் காத்திருந்த பயணிகள். ஓட்டத்தை விட்டவர்கள். ஒரே இடத்தில் கரைந்தவர்கள். அதில் ஒருத்தருக்குக் கண்ணாடி கீறியிருந்தது.

"அசையவே இல்லைன்னு சொன்னீங்களே சகலை" என்றார் கடைசியில்.

"நீங்கதானே அது தியானம்னு எழுதுனீங்க."

"நான் எழுதினது தப்புதான். ஆனா முப்பது பேர் ஒரு முழ இடத்துல ரெண்டு நாள் தண்ணிகூடக் குடிக்காம எப்படி இருப்பாங்கன்னு உங்க கணக்குக்குத் தோணலையா?"

"உங்க கோட்பாட்டுக்குத் தோணுச்சா?"

கடைக்காரம்மா இழுப்பறையைச் சாத்தினார். "சண்டையை வெளியில பெஞ்சுல உட்கார்ந்து போடுங்க. அதுக்குத்தானே போட்டிருக்கீங்க." பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு நீள நோட்டை எடுத்து முன்னால் வைத்தார். "இவ்வளவு தூரம் வந்ததுக்கு இதையும் பார்த்துட்டுப் போங்க. வர்ற போன்ல பத்துக்கு ஒன்பது ஒரே இடத்துல விழுந்ததுதான்."

நோட்டில் தேதி, நேரம், என்ன கோளாறு, எங்கே விழுந்தது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். ஏழு வருஷத்து நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் 'படகுத்துறை, மஞ்சள் பாதம்', 'படகுத்துறை, மஞ்சள் பாதம்.' ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலிலிருந்து ஆறுக்குள் மழை மாதிரி விழுந்திருந்தது. மஞ்சள் பாதம் வரைவதற்கு முந்தைய வருஷங்களில் மாதத்துக்கு நாலோ ஐந்தோதான்.

புள்ளியார் ஒரு பக்கத்தைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார். அவர் காது மடல் சிவந்தது. அந்தப் பாதங்களை எங்கே வரைவது என்று சொன்னது அவர்தான். பயணிகள் எடுத்த ஒன்பதாயிரம் படங்களைச் சேர்த்து, எல்லாரும் அதிகமாக நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு, ஓர் அங்குலம் பிசகாமல் குறித்துக் கொடுத்திருந்தார்.

"அதுக்கு முன்னால அந்த இடத்துல ஏற்கெனவே நின்னுக்கிட்டுத்தானே இருந்தாங்க. அப்பெல்லாம் ஏன் இவ்வளவு விழலை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"ஏன்னா அப்போ நகருவாங்க" என்றார் பெரியவர். "மலை படத்துக்குள்ள வரலைன்னா ரெண்டு அடி பின்னால போவாங்க. மனுஷன் எதையும் முழுசா சட்டத்துக்குள்ள அடைக்கத்தான் பார்ப்பான். நீங்க பாதம் வரைஞ்சு இங்கதான் நிக்கணும்னு சொல்லிட்டீங்க. கால் நகராதுன்னா உடம்பு சாயும். எழுதியிருக்கேனே, அறுபத்து நாலாம் பக்கத்துல."

"எந்த அறிக்கையில?"

"கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கே, அதுல."

புள்ளியார் நோட்டை மூடி வைத்தார். பிறகு, "நீங்க அதை எனக்கு வாயால சொல்லியிருக்கலாம் சகலை" என்றார்.

"நீங்க கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்தான்" என்று ஒத்துக்கொண்டார் புள்ளியார்.

வாசலில் நின்று இயக்குநர் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். அவர் முழுவதும் கேட்டார். பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "பலகையில 'பயணிகள்'னு இருக்கிற இடத்துல 'போன்கள்'னு மாத்த முடியுமா?"

"முடியும் மேடம். ஆனா 'நம் ஊரின் இதயம்'னு மேல இருக்கு."

"சரி. மேயர் வர்றதை நிறுத்த முடியாது, மாலை வாங்கியாச்சு. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வாயே திறக்கக் கூடாது. நான் பார்த்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை மேயர் வந்தார், ரிப்பனை வெட்டினார், துணியை விலக்கினார், பலகையை உரக்கப் படித்தார். சுற்றிலும் அலுவலக ஊழியர்கள் கைதட்டினார்கள். பயணி என்று ஒருத்தர்கூட இல்லை. மேயர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வெளியூர் அம்மாள் கைப்பையோடு ஒருக்களித்து நுழையப் பார்த்தார். மாப்பிள்ளைகளை நம்பிப் பயனில்லை என்று மாமியார் தானே போனை வாங்க வந்திருந்தார்.

"இதோ ஒருத்தர்" என்று மேயர் மலர்ந்தார். "அம்மா, நீங்க எத்தனை நேரமா இங்க இருக்கீங்க?"

"நான் இப்பத்தான் வர்றேன் ஐயா. என் போன்தான் அஞ்சு நாளா இங்க இருக்கு."

மேயருக்குப் புரியவில்லை. மாமியார் பொறுமையாக முதலிலிருந்து சொன்னார்: மஞ்சள் பாதம், மலை, சாய்ந்தது, வலை, இழுப்பறை. சொல்லி முடித்துவிட்டு, "இந்தப் பெஞ்சை யாரு இங்க போட்டது? உள்ள போக வழியில்லையே" என்று கேட்டார்.

இயக்குநர் அம்மா ஒரு அடி முன்னால் வைத்தார். ஆனால் அதற்குள் பெரிய சகலை பேசிவிட்டார். "தப்பு என்னோடது ஐயா. கிடைச்ச புள்ளியை என் கோட்பாட்டுக்குள்ள திணிச்சேன்."

"இல்லை ஐயா" என்றார் சின்னவர். "தப்பு என்னோடது. நான் போனை எண்ணிட்டு ஆளுன்னு சொன்னேன்."

"அவர் எண்ணினது சரிதான். நான்தான் அதுக்கு அர்த்தம் தப்பாச் சொன்னேன்."

"அர்த்தம் அவர்கிட்ட கேட்கிறதுக்கு முன்னாலயே நான் ஒரு தடவை நடந்து வந்து பார்த்திருக்கணும். ஒன்பது நிமிஷம்."

"பாதம் விஷயத்துல நான் வாயால சொல்லியிருக்கணும்."

"பாதமே நான் வரையச் சொன்னது."

யார் தப்பு பெரிது என்பதில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவே இல்லை. குரல் ஏறியது. கடைக்காரம்மா நெற்றிக் கண்ணாடியோடு வெளியே வந்து, "ஐயா, இவங்க நேத்து சாயந்திரத்துல இருந்தே இப்படித்தான்" என்று மேயரிடம் சொன்னார். மேயர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார், தோள் குலுங்கியது, அப்புறம் கண்ணிலிருந்து தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அவர் சிரித்ததால் இயக்குநர் அம்மாவும் சிரித்தார். ஆனால் கண் மட்டும் சகலைகளின் பக்கம் சிரிக்காமல் இருந்தது.

அடுத்த வாரமே மஞ்சள் பாதங்களை அழித்து இரண்டரை அடி பின்னால் வரைந்தார்கள். எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டது புள்ளியார். எந்தப் பக்கம் என்று சொன்னது கோட்பாட்டார். சரியாக இருக்கிறதா என்று நின்று பார்த்துச் சொன்னது மாமியார். ஓரத்தில் ஒரு கம்பித் தடுப்பும் வந்தது. இரண்டு மாதத்தில் ஏரியில் விழும் போன்கள் பத்தில் ஒன்றாகக் குறைந்தன. கடைக்காரம்மா அலுவலகத்துக்கே வந்து, "உங்க ஆராய்ச்சி ரொம்ப நல்லா இருக்கு, என் பொழைப்புதான் போச்சு" என்றார். இயக்குநர் அம்மா அவருடைய நோட்டை நினைவில் வைத்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்து, எதை எப்படிக் குறித்து வைப்பது என்று இந்த இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். உட்கார இடம் வேண்டுமே என்று பீரோவைச் சுவரோரம் தள்ளினார்கள். பீரோ போன இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது.

பலகையை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எடுக்கவும் முடியாமல் போனது. ஊருக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, ஐம்பத்தோரு மணி நேரம் தங்குகிற அளவுக்கு இங்கே என்னதான் இருக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்தார்கள். ஒரு புதுமணத் தம்பதி தலையணையோடு வந்தார்கள். புள்ளியாரின் வரைபடத்தில் அந்தத் தெரு இன்னும் சிவப்பாகவே இருந்தது. ஆனால் இப்போது அவர் வரைபடத்தை மூடிவிட்டு ஒன்பது நிமிஷம் நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்தார். பெரும்பாலானவர்கள், "தெரியலைங்க, பார்ப்போம்" என்றார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் இயக்குநர் அம்மா அடுத்த கேள்வியைக் கொடுத்தார்: காலை நேரத்தில் துடுப்புப் படகுகளை ஏன் யாரும் எடுப்பதில்லை? பெரியவர் புத்தக அலமாரிப் பக்கம் போகவில்லை, சின்னவர் திரையைத் திறக்கவில்லை. கடைக்காரம்மா இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து அனுப்பினார். காலை ஏழு மணிக்குச் சகலைகள் ஒரு படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார்கள். ஒருத்தர் இந்தப் பக்கம் துடுப்புப் போட்டார், ஒருத்தர் அந்தப் பக்கம் துடுப்புப் போட்டார். ஒருத்தர் முன்னால் தள்ளினார், ஒருத்தர் பின்னால் தள்ளினார். படகு நடு ஏரியில் நின்ற இடத்திலேயே சுற்றியது. சூரியன் ஏறி நேராக முகத்தில் அடித்தது.

"கண்ணு கூசுது. கரை எந்தப் பக்கம்னே தெரியலை" என்றார் பெரியவர். "காரணம் இதுதான்னு எனக்குத் தோணுது சகலை."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா ரெண்டே பேரை வெச்சு எப்படிச் சொல்றது?" என்றார் சின்னவர்.

"வேற ஆள் யாராவது வந்தா கேட்கலாம்."

யாரும் வரவில்லை. இரண்டு பேரும் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, நோட்டைத் திறந்து, படகு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள்.